'போருக்குப் பின்' என்றால் எதுவரை?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கருத்துணர்தல் பகுதியை நடத்திக் கொண்டிருந்தேன். அதில் 'போருக்குப் பிந்திய காலத்தில்' என்று ஒரு தொடர் வந்தது. பொருள் கேட்டேன். "சண்டை முடிஞ்ச பிறகு டீச்சர்" என்றான் ஒருவன். சரி என்று அடுத்த வரிக்குப் போக முனைந்தபோது, பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், பின்னாலன்னா எது வரைக்கும் பின்னால?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "நாம் சுதந்திரம் பெற்ற 1957 வரைக்கும் என்று வைத்துக்கொள்" என்றேன். அவள் தலையாட்டி அமர்ந்துவிட்டாள். எனக்குத்தான் அந்த விடை உறுத்தியது. அது பிழையான விடை என்பது வாயிலிருந்து வந்த மறுகணமே எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'பிந்து' என்னும் வினையிலிருந்து வந்த பெயரெச்சம் 'பிந்திய'. 'பிந்தைய' என்றும் பலர் எழுதுகின்றனர். இரண்டும் வழக்கில் உள்ளன. 'போருக்கு' என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்பதால் அடுத்து வல்லினம் மிகும். ஆகவே 'போருக்குப் பின்', 'போருக்குப் பிந்திய' என்று எழுதுவதே முறை. மாணவர்கள் அடிக்கடி ஒற்றை விட்டுவிடும் இடம் இது.

மலாய்மொழியில் இதே பொருளுக்கு 'பஸ்ச' என்னும் முன்னொட்டு உண்டு. 'பஸ்சபெராங்' என்றால் போருக்குப் பிந்திய காலம். பட்டமேற்படிப்பைக் குறிக்கும் 'பஸ்சசிஸ்வாசா' என்ற சொல்லை ஆசிரியர்கள் நன்கு அறிவர். இந்த முன்னொட்டு, 'பின்னர்' என்று பொருள்படும் 'பஸ்சாத்' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அதே சொல் தமிழுக்கும் வந்திருக்கிறது. 'பச்சாதாபம்' என்கிறோமே, அது 'பஸ்சாத்', 'தாபம்' என்ற இரண்டும் சேர்ந்தது. ஒன்று நடந்து முடிந்த பிறகு மனத்தில் எழும் வெம்மை என்பது அதன் நேர்ப்பொருள். நம்மவர் அதை 'கழிவிரக்கம்' என்றனர். மலாயில் காலத்தை மட்டும் காட்டும் சொல், தமிழில் மனத்தின் துன்பத்தையும் காட்டுகிறது. போருக்குப் பிந்திய காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது பொருளை நாம் மறந்துவிடக் கூடாது.

இலத்தீன மொழியில் 'பெல்லம்' என்றால் போர். அதிலிருந்து ஆங்கிலத்திற்குப் போன இரு சொற்கள் 'ஆன்டிபெல்லம்', 'போஸ்ட்பெல்லம்' என்பன. முன்னது போருக்கு முந்தியது, பின்னது போருக்குப் பிந்தியது. எந்தப் போருக்கு என்பது சொல்லிலேயே இல்லை. ஆனால் அமெரிக்காவில் இச்சொற்களைக் கேட்பவர், எந்தப் போர் என்று திருப்பிக் கேட்பதில்லை. 1861 முதல் 1865 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போர் என்றே எடுத்துக்கொள்வர். அதற்குப் பின்னரும் அந்த நாடு எத்தனையோ போர்களில் ஈடுபட்டது. இருந்தும் அந்த ஒரு போர்தான் சொல்லில் நிலைத்துவிட்டது. ஒரு சமுதாயம் அடைமொழி எதுவும் இல்லாமல் 'போர்' என்று எதைச் சொல்கிறதோ, அதுவே அதன் ஆழமான காயம் என்று கொள்ளலாம்.

நம் நாட்டிலும் அப்படித்தான். தோட்டப்புறங்களில் மூத்தவர்கள் 'சண்டைக்கு முன்னே', 'சண்டை முடிஞ்சு' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எந்தச் சண்டை என்று யாரும் விளக்கியதில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியதில் தொடங்கி, 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததில் முடிந்த அந்தச் சண்டைதான் அது.

இந்தச் சொல்லில் இன்னொரு வியப்பும் உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த போரை அந்நாளில் பெரும்பாலோர் 'முதல்' உலகப் போர் என்று கருதவில்லை. 'பெரும்போர்' என்றே அழைத்தனர். 1920களில் ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள் தங்களைப் போருக்குப் பிந்திய தலைமுறையினர் என்றே எண்ணினர். 1939இல் அடுத்த போர் மூண்டது. அதன் பிறகு அதே இருபது ஆண்டுகளுக்கு 'இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம்' என்று பெயர் மாறிவிட்டது. அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தாங்கள் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. காலங்களுக்கான பெயர்களைப் பிற்காலமே சூட்டுகிறது. வரலாறு கற்பிக்கும் நாம் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்று.

'எதுவரை' என்ற வினாவை வெளிப்படையாகவே கேட்டுப் பார்த்த நாடு ஜப்பான். அங்கே 'செங்கோ' என்றொரு சொல் உண்டு. 'சென்' என்றால் போர், 'கோ' என்றால் பின். (நம் அரசர்களின் செங்கோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1956ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு வெளியிட்ட பொருளாதார வெள்ளை அறிக்கை, இது இனியும் போருக்குப் பிந்திய காலம் அல்ல என்ற பொருள்பட ஒரு தொடரை எழுதியது. துன்பம் தீர்ந்தது என்ற மகிழ்ச்சி முழக்கமாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டனர். அறிக்கை சொல்ல வந்ததோ ஓர் எச்சரிக்கை. இடிந்ததைத் திரும்பக் கட்டுவதால் கிடைத்த விரைவான வளர்ச்சி முடிந்துவிட்டது, இனிப் புதிய வழிகளில் உழைத்தால்தான் வளர முடியும் என்பதே அதன் கருத்து.

அந்த அறிக்கைக்குப் பிறகும் 'செங்கோ' முடியவில்லை. 1965இல் ஒக்கினாவா தீவுக்குச் சென்ற பிரதமர் சாத்தோ எய்சாக்கு, ஒக்கினாவா தாய்நாட்டோடு சேராதவரை ஜப்பானுக்குப் போருக்குப் பிந்திய காலம் முடியாது என்னும் கருத்தில் பேசினார். அப்போது அத்தீவு அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. 1972 மே 15ஆம் நாள் அது ஜப்பானிடம் திரும்பியது. அப்போதாவது முடிந்ததா? 1974ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸின் லுபாங் தீவுக் காட்டிலிருந்து ஒனோடா ஹிரோ என்னும் ஜப்பானிய இராணுவ அதிகாரி வெளியே வந்தார். போர் முடிந்ததென்பதை நம்பாமல் ஏறத்தாழ 29 ஆண்டுகள் காட்டிலேயே இருந்தவர் அவர். பழைய மேலதிகாரியே நேரில் சென்று கட்டளையை நீக்கிய பிறகுதான் ஆயுதத்தைக் கீழே வைத்தார். ஊரெல்லாம் போருக்குப் பின் வாழ்ந்த காலத்தில் அவர் மட்டும் போருக்குள்ளேயே வாழ்ந்தார். அந்தத் தீவின் மக்களும் அவர் கையிலிருந்த துப்பாக்கிக்கு அஞ்சி வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானியப் பேரரசரின் வானொலி உரை ஒலிபரப்பானது. பிரிட்டிஷ் படையினர் பினாங்கில் இறங்கியது செப்டம்பர் 3ஆம் நாள். சிங்கப்பூருக்கு வந்தது செப்டம்பர் 5ஆம் நாள். அங்கு முறையான சரணாகதி நிகழ்ச்சி நடந்தது செப்டம்பர் 12ஆம் நாள். இந்த இடைப்பட்ட வாரங்களில் பல ஊர்களில் ஆள்வோர் யார் என்றே தெரியவில்லை. காட்டிலிருந்து வந்த மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பல இடங்களைக் கைப்பற்றினர். பழிவாங்கும் கொலைகள் நடந்தன. போர் முடிந்துவிட்டது. ஆனால் அமைதி வரவில்லை. 'போருக்குப் பின்' என்றால் 'அமைதி' என்று மாணவர்கள் எதிர்ச்சொல் எழுதும்போது இந்த வாரங்களை நினைத்துக்கொள்கிறேன்.

பிரிட்டிஷார் திரும்பியதும் ஜப்பானிய ஆட்சியின் பணத்தாள் செல்லாது என்றாயிற்று. வாழைமரப் படம் போட்டிருந்ததால் 'வாழைமர நோட்டு' என்று மக்கள் அழைத்த பணம் அது. சேர்த்து வைத்தவர்களுக்கு ஒரே நாளில் அது வெற்றுத் தாளானது. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு உண்ட காலம் ஜப்பானியரோடு போய்விடவில்லை.

1946 மார்ச் இறுதிவரை பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் நடந்தது. ஏப்ரல் 1ஆம் நாள் மலாயன் யூனியன் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு அமைந்தது. இந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் முதன்முறையாகப் பெருமளவில் சங்கங்களில் திரண்டு கூலி உயர்வு கேட்டனர். வேலைநிறுத்தங்கள் நடந்தன. வேலைக்குப் போவதும் லயத்திற்குத் திரும்புவதுமே வாழ்க்கை என்றிருந்தவர்கள் தலைநிமிர்ந்த காலம் அது. பிறகு 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. விமானங்கள் குண்டு வீசின. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சீனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் வேலிக்குள் தொகுக்கப்பட்டன. இத்தனைக்கும் அதற்குப் 'போர்' என்று பெயர் வைக்கவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஏற்படும் இழப்பை இலண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் ஈடுசெய்யமாட்டா என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பெயர் போரில்லை என்றானதால் அந்த ஆண்டுகளும் நம் பாடங்களில் 'போருக்குப் பிந்திய காலம்' என்னும் தலைப்புக்குள் அடங்கிவிட்டன. '1957 வரைக்கும்' என்று நான் சொன்ன விடையின் பிழை இங்கேதான் இருக்கிறது. சுதந்திர நாளன்றும் நாட்டின் ஒரு பகுதியில் துப்பாக்கி ஓசை நிற்கவில்லை.

இன்னொரு பிழையும் அந்த விடையில் உண்டு. அதைச் சொல்ல என் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் பாட்டிக்கு ஓர் அக்காள் இருந்தார். நாங்கள் 'பெரிய பாட்டி' என்போம். 1943இல் அவர் கணவரைச் சயாமுக்கு இரயில் பாதை போட அழைத்துச் சென்றனர். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர் ஏறத்தாழ 90,000 என்றும், அதற்கு மேல் என்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் தமிழர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசையாக நடுகற்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி வரிசையும் இல்லை, பெயரும் இல்லை. கைதிகளின் இறப்பை அவரவர் படைப்பிரிவு எழுதி வைத்தது. தொழிலாளியின் இறப்பை எழுதி வைக்க யாரும் இல்லை.

பெரிய பாட்டியின் கணவர் திரும்பவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. போன சிலர் திரும்பி வந்தபோது ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தாராம். 'அந்தக் கேம்பில் பார்த்தேன்' என்று ஒருவர் சொன்னதே கடைசித் தகவல். பெரிய பாட்டி நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. பால்மரம் வெட்டியே ஒரு மகனை வளர்த்தார். 1996இல் அவர் காலமானபோதும் நெற்றியில் குங்குமம் இருந்தது. அதை என்ன செய்வது என்று பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டதும், இறுதியில் அப்படியே விட்டுவிட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் ஒருபோதும் 'சண்டை முடிஞ்சு' என்று சொல்லிக் கேட்டதில்லை. எந்த நிகழ்ச்சியைச் சொன்னாலும் 'அவரு போனதுக்கு அப்புறம்' என்றுதான் தொடங்குவார். நாடு 1945இல் தொடங்கிய கணக்கை அவர் 1943இல் தொடங்கியிருந்தார். நாடு அந்தக் கணக்கை முடித்த பிறகும் அவர் முடிக்கவில்லை.

பழந்தமிழர் இதை அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. புறத்திணையில் வென்றவனின் நிலைக்கு 'வாகை' என்று பெயர் உண்டு. இழந்தவர் செயலற்று நிற்கும் நிலைக்குக் 'கையறுநிலை' என்று தனிப்பெயர் உண்டு. மூவேந்தரால் தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாட்டு கையறுநிலைத் துறையைச் சேர்ந்தது. ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு நிலா நாள்களை அருகருகே வைத்து அவர்கள் தம் இழப்பைச் சொன்னார்கள். அதே போரின் மறுநாளுக்கு வென்றவர் பக்கம் ஒரு பெயர், தோற்றவர் பக்கம் வேறொரு பெயர். இன்று நாமோ இரண்டையும் 'போருக்குப் பின்' என்ற ஒரே தொடரில் அடைத்துவிடுகிறோம்.

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அரசு சார்ந்த எழுத்துகளில் 'போருக்குப் பிந்திய' என்ற தொடர் சாலை, கட்டடம், வளர்ச்சி என்பவற்றோடு சேர்ந்தே வந்தது. தமிழர் பலரோ 'முள்ளிவாய்க்காலுக்குப் பின்' என்று எழுதினர். காலம் ஒன்றுதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017இல் சாலையோரத்தில் அமர்ந்த தாய்மார்களைச் செய்தியில் பார்த்தபோது எனக்குப் பெரிய பாட்டியின் நினைவுதான் வந்தது.

மறுவாரம் அதே வகுப்பிற்குச் சென்று, "நான் சொன்ன விடை சரியில்லை" என்றேன். ஆசிரியர் தம் தவற்றைச் சொல்வது பிள்ளைகளுக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆர்வமாகக் கேட்டார்கள். கரும்பலகை இருந்த காலத்திலிருந்து பழகிய வழக்கப்படி மூன்று வினாக்களை எழுதிப் போட்டேன். எந்தப் போர்? யாருக்கு? எதுவரை? 'போருக்குப் பின்' என்ற தொடர் எங்கே வந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள் என்றேன். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம், அவர்கள் எந்த நிகழ்ச்சியை வைத்து முன், பின் என்று காலத்தைக் கணக்கிடுகிறார்கள் எனக் கேட்டு வரச் சொன்னேன்.

வந்த விடைகளில் போர் குறைவாகவே இருந்தது. அந்தத் தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். 'தோட்டம் விற்ற பிறகு' என்று ஒரு தாத்தா சொல்லியிருந்தார். 'பெருந்தொற்றுக்குப் பின்' என்று ஒரு தாய் சொல்லியிருந்தார். வினாவைக் கேட்ட அந்த மாணவி, "எங்க ஆயா 'உங்க தாத்தா இருந்தப்ப'ன்னுதான் டீச்சர் சொல்றாங்க. அதுக்கு முடிவு இல்லையாம்" என்றாள்.

பெற்றோர்களே, வீட்டில் மூத்தவர் இருந்தால் பிள்ளைகளை அவர் அருகில் உட்கார வைத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் செய்யுங்கள். சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாடநூல் நாட்டின் கணக்கைச் சொல்லும். வீட்டின் கணக்கை எழுதி வைக்க நம்மை விட்டால் வேறு யாரும் இல்லை. என் பெரிய பாட்டி சொன்னவற்றை அப்போதே நான் எழுதி வைக்கவில்லை. அவர் கணவர் இருந்த 'கேம்பின்' பெயரை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்று அது என் நினைவில் இல்லை.